மாத்திரைப் பையோடு வீடு தேடிப் போகும் சகோதரிகளுக்கு

அன்புள்ள சகோதரிகளுக்கு,



மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களாகத் தெருத் தெருவாக நடக்கும் உங்களுக்கு இந்த மடல். நான் அரசுப் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி சேலம், தருமபுரி வட்டாரத்து மருத்துவமனைகளில் கழிந்தது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் உங்கள் திட்டம் தொடங்கியது. எங்களால் எட்டவே முடியாத வீடுகளுக்குள் நீங்கள் போய் வருவதை அன்றிலிருந்து மரியாதையோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களை மட்டும்தான் எங்களைப் போன்றவர்கள் பார்க்கிறோம். பஸ் ஏற முடியாதவர், கூட்டி வர ஆள் இல்லாதவர், கட்டிலோடு கிடப்பவர் யாரும் பல் மருத்துவரின் நாற்காலி வரைக்கும் வருவதே இல்லை. அவர்கள் வீட்டு வாசலை மிதிப்பவர்கள் நீங்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறீர்கள், மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுக்கிறீர்கள். 'வாயைக் கொஞ்சம் திறங்க பாட்டி' என்று கேட்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. அதை நீங்கள் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னால் காரணம் புரியும். எழுபதைத் தாண்டியவர். வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார் என்று விடியற்காலையில் தூக்கி வந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, கண் விழித்து, எழுந்து உட்கார்ந்த பிறகு வார்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், இவங்க எதைக் குடுத்தாலும் சாப்பிட மாட்டேங்கறாங்க. வாயைக் கொஞ்சம் பாருங்க." பார்த்தேன். கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து கண்ணாடிச் சில்லு மாதிரி நின்றது. நாக்கின் ஓரம் அதில் உரசி உரசி வெளுத்துப் புண்ணாகியிருந்தது. பேசினாலே வலி. வாரக்கணக்கில் டீயில் நனைத்த வறுக்கியும் கரைத்த மோர்ச் சோறும்தான் ஆகாரம். அதுவும் பாதி வயிற்றுக்கு. ஆனால் சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அந்த மாத்திரை மட்டும் உள்ளே போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஏம்மா, யாருகிட்டயும் சொல்லலையா?"

"பல்லு வலின்னு எத்தன தடவ கண்ணு சொல்றது? வயசானா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிப்புடுவாங்க."

அந்தப் பல்லின் கூர்முனையைத் தேய்த்து மழுங்கச் செய்ய இரண்டு மூன்று நிமிடம் போதுமானதாக இருந்தது. மறுநாள் இட்லி சாப்பிட்டார். புண் ஆறிய பிறகு பல்லையும் எடுத்தோம். அந்த வீட்டில் மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், போட்டாயா என்று கேட்கிறார்கள். மெல்ல முடிகிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் உங்களுக்கும் எவரும் சொல்லித்தரவில்லை, அதுதான் நடந்தது.

ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "மெல்ல முடியுதா?" முடியுது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் வாய் வலியைச் சொல்லிக் காட்டுவதைக் கூச்சமாக நினைப்பவர்கள். "எதையெல்லாம் சாப்பிடறத விட்டுட்டீங்க?" என்று கேளுங்கள். கடலை, சுண்டல், கறி, கொய்யாப்பழம், பச்சைக் காய் என்று பட்டியல் வரும். அப்போது தெரிந்துவிடும். மெல்ல முடியாதவர்கள் முதலில் விடுவது புரதமும் நாரும் உள்ளவற்றை. கடைசியில் மிஞ்சுவது ரசம் சாதம், பிஸ்கட், டீ. சர்க்கரை நோயாளிக்கு இதைவிடக் கெட்ட சாப்பாடு கிடையாது. நீங்கள் கொண்டுபோகும் மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, இந்தச் சாப்பாடு இன்னொரு பக்கம் இழுக்கும்.

வயதானால் பல் விழத்தான் செய்யும் என்ற பேச்சை முதலில் நாம் விட வேண்டும். பல் விழுவது ஈறு நோயாலும் சொத்தையாலும். இரண்டுமே பெருமளவு தடுக்கக் கூடியவை. ஜப்பானில் 1989-ல் அரசும் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து '8020' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். 80 வயதில் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும் என்பது இலக்கு. அப்போது 100 பேரில் 10 பேர்கூட அந்த நிலையில் இல்லை. 2016-ல் எடுத்த கணக்கில் பாதிப் பேருக்கு மேல் அதை எட்டியிருந்தார்கள். மனித உடம்பு அதே உடம்புதான்; முப்பது வருடத்தில் மாறியது பழக்கமும் கவனிப்பும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 100-க்கு 10 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது 18 பேராகும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. உங்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகப் போகிறது.

உங்கள் வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ளது சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீழ் பிடிக்கும், பல் ஆடும் என்பது பலருக்குத் தெரியும். மறுபக்கம் அவ்வளவாகத் தெரியாது. ஈறில் நாள்பட்ட சீழும் வீக்கமும் இருந்தால் சர்க்கரை எளிதில் இறங்காது. அந்த அழற்சி இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு, எச்பிஏ1சி என்று டாக்டர் எழுதித்தரும் மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 0.4 புள்ளி இறங்குவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மாத்திரையும் ஒழுங்கு, சாப்பாடும் கட்டுப்பாடு, ஆனாலும் அளவு இறங்க மாட்டேன் என்கிற ஆட்கள் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். அவர்களிடம், துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, வாய் நாற்றம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் ஈறைப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

உங்கள் பையில் இருக்கும் மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ஈறு வளர்ந்து பல்லைப் பாதி மூடிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் அதைவிட அதிகமாகச் செய்யும். வாயைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு இது குறைவு. பார்த்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழி உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்லி மட்டும் நீங்களும் சொல்லக் கூடாது, அவர்களாகவும் நிறுத்தக் கூடாது. கால் எரிச்சலுக்கு ராத்திரியில் போடும் அமிட்ரிப்டிலின், அரிப்புக்கும் சளிக்கும் போடும் குளோர்பெனிரமைன், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் எல்லாம் வாயை உலர வைக்கும். உமிழ்நீர் வற்றினால் சோறு தொண்டையில் இறங்காது, நாக்கு எரியும், பல் செட்டு ஒட்டாது, பல்லும் வேகமாகச் சொத்தையாகும். ஈறு கீழே இறங்கிப்போன வயதில் சொத்தை பல்லின் வேரோரத்தில் பிடிக்கும். அங்கே எனாமல் என்ற கவசமே இல்லை. இன்னொன்று, முதுமையில் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பறை சுருங்கிவிடுவதால் சொத்தை பெரிதானாலும் பலருக்கு வலிப்பதில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது பல் முறிந்து கையில் வரும். ஆகவே, 'வலி இல்லையே' என்ற பதிலை நம்பிவிடக் கூடாது.

வாய் உலர்கிறது என்பவர்களுக்கு நீங்கள் சொல்லக்கூடியது: அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், ராத்திரி தலைமாட்டில் ஒரு சொம்பு. மிட்டாய் அதக்கும் பழக்கம் இருந்தால் அது வேண்டாம். காலையில் துலக்குவது போதாது, படுக்கும் முன் துலக்குவது அதைவிட முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகக் குறைவு. செங்கல் பொடி, சாம்பல், கரி எல்லாம் பல்லைத் தேய்த்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் கொஞ்சம், துப்பிவிட்டு அதிகம் கொப்புளிக்காமல் விடுவது, இவ்வளவே. மூட்டு வலியால் பிரஷைப் பிடிக்க முடியவில்லை என்றால் சைக்கிள் கைப்பிடி ரப்பரை அதில் செருகிக் கொடுங்கள். நன்றாகப் பிடிமானம் கிடைக்கும்.

எங்கள் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்தின் சில பகுதிகளில் பெரியவர்களின் பல் பழுப்பாக, குழி குழியாக இருக்கும். அது நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடால் குழந்தைப் பருவத்திலேயே வந்த கறை. துலக்காததால் வந்தது என்று தப்பித் தவறியும் சொல்லிவிடாதீர்கள். வாழ்நாளெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டு, வாயைப் பொத்திச் சிரித்துப் பழகியவர்கள் அவர்கள். பல் முளைத்து முடிந்த வயதில் ஃபுளோரைடு பேஸ்டால் அந்தக் கறை புதிதாக வராது. அவர்களும் அதைப் பயன்படுத்தலாம்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை.

சுருக்குப் பையை இடுப்பில் செருகாத பாட்டி சில ஊர்களில் கிடையாது. புகையிலைத் துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே தூங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்குக்கூட வாய்ப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடையில் இருக்கின்றன. வெற்றிலைப் பெட்டிக்குத் தடை கிடையாது. அறுபது வருடப் பழக்கத்தை ஒரு நாள் அறிவுரையில் விடச் சொன்னால் நடக்காது. திட்டினால் அடுத்த மாதம் வாயைத் திறக்கவே மாட்டார்கள். அதனால் விடச் சொல்வதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? வெளிச்சம் உள்ள இடத்தில் உட்கார வையுங்கள். பல் செட்டு இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். போன் டார்ச் போதும். அவர்களையே விரலால் கன்னத்தை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். புகையிலை வைக்கும் பக்கத்தை முதலில், மறுபக்கத்தைப் பிறகு. உதட்டின் உள்பக்கம், நாக்கை நீட்டச் சொல்லி அதன் இரு ஓரங்கள், நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பாகம், அண்ணாந்து மேலண்ணம். வெள்ளைத் திட்டு, வெல்வெட் போலச் சிவந்த திட்டு, தடித்த இடம், புண். இவற்றில் சிவந்த திட்டுக்குத்தான் நாங்கள் அதிகமாகப் பயப்படுவோம். வாயில் அவர்களுடைய மூன்று விரல் செங்குத்தாக நுழையாவிட்டால் பாக்கால் கன்னத்தின் உட்பக்கம் இறுகியிருக்கலாம். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். ஒரு புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், அது வலித்தாலும் வலிக்காவிட்டாலும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் வாய்ப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வந்து அவர்களாக வரும்போது தாடை எலும்பு வரை போயிருக்கும். அந்த நிலையில் வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து நான் நொந்திருக்கிறேன். சின்ன வெள்ளைத் திட்டாக இருந்தபோது ஒருவர் பார்த்திருந்தால் சிறிய அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கும்.

புண்ணைப் பார்த்ததும் 'கேன்சரா இருக்குமோ' என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். "பல்லு டாக்டர் ஒரு தடவ பார்த்துடட்டும்" என்று சொன்னால் போதும். பெரிய சொல்லைச் சொன்னால் பயந்துபோய் எங்கேயும் வர மாட்டார்கள்.

கட்டிலோடு கிடப்பவர்களுக்கு வருகிறேன். என் மனதை அதிகம் உறுத்துவது இவர்கள்தான். பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், மறதி நோய் வந்தவர். வீட்டார் அவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள், துணி மாற்றுகிறார்கள், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போடுகிறார்கள். உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் மருமகள்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வாய் மட்டும் மாதக்கணக்கில் சுத்தம் செய்யப்படாமல் இருக்கும். ஊட்டிய சோறு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தங்கி நாற்றமெடுக்கும். நாக்கில் மஞ்சள் படலம் கெட்டியாகப் படிந்திருக்கும். இவர்களில் நிறைய பேர் கடைசியில் நிமோனியாவில் போகிறார்கள். சளி பிடித்தது, நெஞ்சில் கட்டிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். வாயில் பெருகிய கிருமி எச்சிலோடு சேர்ந்து, விழுங்கும் திறன் குறைந்த தொண்டை வழியே நுரையீரலுக்குள் இறங்குவதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஜப்பானின் முதியோர் இல்லங்கள் 11-ல் செய்த ஆய்வு ஒன்று 1999-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்து நிமிடம் பணியாளர்களே பல் துலக்கிவிட்டார்கள். வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ உதவியாளரோ வந்து சுத்தம் செய்தார். இன்னொரு பகுதியினர் வழக்கம்போல விடப்பட்டார்கள். இரண்டு வருடத்தில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. துலக்கிவிடப்பட்டவர்களில் 11 பேருக்கு. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. விலை உயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. ஒரு பிரஷ், ஒரு மனுஷியின் கை.

அதைச் செய்யும் விதத்தை வீட்டாருக்கு ஒரு தடவை நீங்கள் செய்து காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். மல்லாக்கப் படுத்திருக்கும்போது செய்யவே கூடாது. தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும். தலையணை வைத்து உட்கார்ந்த நிலைக்கு உயர்த்துங்கள், முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கன்னத்துக்கு அடியில் துண்டு போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான சின்ன பிரஷ், தண்ணீரில் நனைத்து உதறியது. பேஸ்ட் போட்டால் பிரஷில் லேசாகப் பூசுகிற அளவுக்குத்தான். முன் பல்லின் வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கடைவாய்க்குப் போங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் பயந்து நிறுத்த வேண்டாம், தொடர்ந்து சுத்தம் செய்தால் நாளடைவில் அது குறையும். நாக்கைப் பின்னாலிருந்து முன்னால் மெல்ல வழியுங்கள். பல் இல்லாதவர்களுக்கு ஈரத் துணியை விரலில் சுற்றி ஈறு, கன்னம், நாக்கு எல்லாம் துடைக்க வேண்டும். பல் உள்ளவர்களின் பல் நடுவே மட்டும் விரலை வைக்காதீர்கள், அவர்களை அறியாமல் கடித்துவிடுவார்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, துடைத்து எடுத்தால் போதும். கடைசியில் உதட்டில் துளி தேங்காய் எண்ணெய்.

மறதி நோய் வந்தவர்களிடம் எதிரே நின்று வாயைத் திறக்கச் சொன்னால் மிரண்டு போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையிலேயே பிரஷைக் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து நீங்கள் ஓட்டுங்கள். கை பழகிய வேலை. பல சமயம் கை தானாகத் தொடர்வதைப் பார்க்கலாம். மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்து முயலலாம்.

பல் செட்டு கட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில் முதன்மையானது, ராத்திரி கழற்றிவிட வேண்டும் என்பது. டோக்கியோவில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. செட்டின் அடியில் காளான் கிருமி வளர்ந்து மேலண்ணம் சிவந்து போவதையும் கடைவாய் ஓரம் வெடிப்பதையும் நீங்களே பார்க்கலாம். கழற்றி, பிரஷும் சோப்பும் போட்டுக் கழுவி, சாதாரணத் தண்ணீர் உள்ள கிண்ணத்தில் போட்டு வைக்க வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். பேஸ்ட் வேண்டாம், கீறிவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால் கை தவறினாலும் உடையாது. பல் போன தாடை எலும்பு வருடா வருடம் தேய்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு வருடத்துக்கு முன் கட்டிய செட்டு இப்போது பொருந்தாமல் ஆடுவது இயல்பு. 'செட்டு சரியில்லை' என்று பீரோவில் போட்டுவிட்டு வெறும் ஈறோடு வாழ்பவர்களைப் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பல சமயம் உள்பக்கத்தைச் சரிசெய்தே பொருந்த வைத்துவிடலாம். உடைந்த செட்டை உடனடிப் பசை போட்டு ஒட்டிக்கொள்ள விடாதீர்கள்.

'ஒரே நாளில் நிரந்தரப் பல்' என்று சந்தையிலும் பஸ் நிலையத்து ஓரத்திலும் கட்டிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பசையை ஊற்றி இறுக்கிவிடுவார்கள். கழற்ற முடியாது, அடியில் சுத்தம் செய்யவும் முடியாது. நன்றாக இருந்த பல்லும் அதோடு அழுகிப் போகும். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம். ஏழைகளின் வாயில்தான் இந்தக் கொடுமை அதிகம் நடக்கிறது.

நீங்கள் சொன்னதும் அவர்கள் கிளம்பிவிட மாட்டார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கு உரிய நரம்பு வேறு. பல் ஆடுகிற வயதிலேயே கண்புரையும் விழுவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லுங்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்து, பல்லில் படிந்து கெட்டியான காரை மட்டுமே தாங்கி நின்ற பல்தான் அப்படி ஆடும். இதயத்துக்கு மாத்திரை போடுகிறேன், ரத்தம் நிற்காது என்பார்கள். அந்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவது பல்லை எடுப்பதைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் டாக்டர் அதற்கேற்பச் செய்வார். எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ வார மாத்திரையோ எடுப்பவர்களும் பல் எடுக்கும் முன் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதில் வரும். "இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப் போறேன், இதுக்குப் போயி செலவா?" இந்தப் பதிலுக்கு என்னிடம் மருத்துவ விளக்கம் இல்லை. இருக்கும் நாள் வரை சோற்றை மென்று ருசித்துச் சாப்பிடவும் பேரப் பிள்ளையிடம் வாய் திறந்து பேசவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். செலவைப் பற்றிய பயம் நியாயமானது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பல்லுக்கு உதவுவதில்லை. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் பகுதியில் பல் மருத்துவர் எந்த ஆஸ்பத்திரியில், எந்தெந்த நாளில் இருக்கிறார் என்று விசாரித்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்பதற்கும் 'செவ்வாய்க்கிழமை காலையில ஓ.பி.க்குப் போனா பல்லு டாக்டரம்மா இருப்பாங்க' என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இத்தனையும் எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. உங்கள் ஊக்கத்தொகை குறைவு, நடக்கும் தூரம் அதிகம், போனில் பதிவேற்ற வேண்டியது ஏராளம். அதற்கு மேல் இதுவுமா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. வாயைப் பார்ப்பது உங்கள் வேலைப் பட்டியலில் முறையாகச் சேர வேண்டும், அதற்குப் பயிற்சியும் கையுறையும் டார்ச்சும் கூடுதல் தொகையும் வர வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் இதை நீங்கள் கேளுங்கள். இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவதுபோலப் பல் மருத்துவரும் குறிப்பிட்ட இடைவெளியில் வர வேண்டும். சொத்தையின் மேல் தடவினால் அதை அப்படியே நிறுத்தும் சில்வர் டையமின் ஃபுளோரைடு, கைக்கருவியாலேயே சுரண்டி அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டாம், சுழலும் கருவி வேண்டாம், கட்டிலில் படுத்தபடியே செய்துகொள்ளலாம். உங்கள் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. அந்தப் பெருமை உங்கள் கால்களுடையது. ஆகவே கேட்கும் தகுதியும் உங்களுக்கு உண்டு.

நீங்கள் கேட்பது கிடைக்கும் வரைக்கும் எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. அடுத்த மாதச் சுற்றில் உங்கள் பட்டியலிலிருந்து கட்டிலோடு கிடக்கும் ஒருவர், புகையிலை போடும் ஒருவர், சர்க்கரை இறங்காத ஒருவர் என்று மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாயை முதலில் பாருங்கள். ஆறாத புண் கண்ணில் பட்டால் மறு சுற்று வரை வைத்திருக்க வேண்டாம், அன்றைக்கே உங்கள் செவிலியருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற அரசுப் பல் மருத்துவர் ஒருவர்